மாடும் மேய்க்க வேண்டும், கொக்கும் வர வேண்டும்: அப்படி ஒரு கேம் உண்டா?

கண்மாய்க்கரை | வெள்ளி, இரவு 10.40

ஊர் மேலூர்ப் பக்கம், வேலை மதுரை டவுனில். பகல் முழுக்கக் கணக்கு எழுதிவிட்டு வீடு திரும்பினால் சண்டை போடுகிற கேம் எதையும் தொடத் தோன்றுவதில்லை. இரண்டு வருடமாக ஸ்டார்டியூ வேலி என்கிற பண்ணை கேம்தான். மாடு, ஆடு, கோழி, வாத்து, பன்றி என்று பண்ணை நிறைந்துவிட்டது. காலையில் ஒவ்வொன்றாகத் தடவிக் கொடுத்தால் தலைக்கு மேல் இதயம் மிதக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் தூக்கம்.

ஆனால் கொஞ்ச நாளாக ஒன்று உறுத்துகிறது. அந்தப் பண்ணையைத் தேடி வெளியிலிருந்து எதுவும் வருவதில்லை. குருவி பறக்கிறது, பட்டாம்பூச்சி பறக்கிறது, சரி. எல்லாம் காலண்டர் படம் மாதிரி. நான் மாடு வாங்கினாலும் விற்றாலும் அவற்றுக்கு ஒன்றுமில்லை. என்னைத் தேடி வருவது காக்கை மட்டும்தான், அதுவும் பயிரைத் தின்ன. சோளக்கொல்லைப் பொம்மை ஒன்றை நட்டுவிட்டால் அதுவும் வராது.

எங்கள் ஊரில் கண்மாய்க்குள் மாட்டை அவிழ்த்துவிட்டால் பத்து நிமிடத்தில் உண்ணிக்கொக்கு வந்து நிற்கும். யாரும் கூப்பிடுவதில்லை. மாட்டு முதுகில் கரிச்சான் உட்கார்ந்துகொள்ளும். இதே மாதிரி ஆடு மாடும் வளர்க்க வேண்டும், அதை ஒட்டிக் காட்டு உயிர்களும் தாமாக வர வேண்டும். அப்படி ஏதாவது கேம் தெரியுமா? லேப்டாப் பழசு. எட்டு ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது.


செல்லூர்_சேவல் | வெள்ளி, இரவு 10.52

நெக்கோ அட்சுமே. போனிலேயே ஓடும். முற்றத்தில் தீனியும் பந்தும் வைத்துவிட்டு மூடிவிட வேண்டும். திரும்பத் திறந்தால் பூனை வந்திருக்கும். மாடு கிடையாது.


புதூர்_பொன்வண்டு | வெள்ளி, இரவு 11.15

தம்பி, நீங்கள் கேட்பதை 2006லேயே செய்துவிட்டார்கள். விவா பின்யாட்டா. ரேர் என்கிற பிரிட்டிஷ் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் 360க்காகச் செய்தது. மெக்சிகோவில் காகிதப் பொம்மைக்குள் மிட்டாயை அடைத்துத் தொங்கவிட்டுக் குச்சியால் அடித்து உடைப்பார்களே, நம் உறியடிக்குத் தம்பி மாதிரி, அந்தப் பொம்மைகள்தான் இதில் விலங்குகள்.

குப்பையும் காய்ந்த மண்ணுமாக ஒரு தோட்டத்தைக் கொடுப்பார்கள். மண்ணைத் திருத்தினால் முதலில் புழு வரும். புழு இருந்தால் குருவி எட்டிப் பார்க்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. முதலில் வேலியோரம் தலை காட்டும். அப்புறம் உள்ளே வந்து ஒரு சுற்றுச் சுற்றும். கேட்டது இருந்தால் தங்கும். வீடும் கட்டிக் கொடுத்து ஜோடியும் சேர்ந்தால் குட்டி போடும். தங்காத வரைக்கும் அது கறுப்பு வெள்ளையாகவே திரியும். தங்குகிற நொடியில் உடம்பெல்லாம் நிறம் வந்துவிடும். அந்த ஒரு நொடிக்காக நானும் என் மகளும் ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கிறோம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பார்க்கத்தான் குழந்தை கேம். குருவி தங்க வேண்டுமானால் புழுவைத் தின்னக் கொடுக்க வேண்டும். அந்தப் புழுவுக்கு என் மகள் ஏற்கெனவே பெயர் வைத்திருந்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

2008ல் இரண்டாம் பாகம் வந்தது. முதல் பாகத்துக்குக் கணினிப் பதிப்பும் இருந்தது, இப்போது கடையில் கிடைக்காது. எக்ஸ்பாக்ஸ் இருந்தால் ரேர் ரீப்ளே தொகுப்பில் இருக்கிறது.


கண்மாய்க்கரை | வெள்ளி, இரவு 11.31

எக்ஸ்பாக்ஸ் தங்கச்சி மாப்பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது அக்கா. முப்பது வயதில் போய் “மாப்ள, குருவி வளர்க்கணும், ஒரு வாரம் குடுங்க” என்று கேட்க முடியுமா?


செல்லூர்_சேவல் | வெள்ளி, இரவு 11.33

கேளுங்கள். அவரும் ரகசியமாக வளர்த்துக்கொண்டிருப்பார்.


ஒத்தக்கடை_ஒரண்டை | சனி, காலை 6.10

காட்டு உயிர் தாமாக வர வேண்டுமாம். எங்கள் கடலைக் காட்டுக்கு வாருங்கள். காலை ஐந்தரைக்கு முப்பது மயில். லேப்டாப் வேண்டாம், ராம் வேண்டாம், கிராஃபிக்ஸ் பிரமாதம். விதை ஊன்றிய அன்றைக்கே தோண்டித் தின்கிறது, முளைத்தால் குருத்தைத் தின்கிறது, காய்த்தால் காயைத் தின்கிறது. பழைய சேலையை வேலியாகக் கட்டினோம். ஆடியோ கேசட் நாடாவை இழுத்துக் கட்டினோம், காற்றில் உறுமுகிற சத்தத்துக்கு ஓடும் என்றார்கள். மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் சேலை கட்டிய கம்பின்மேல் உட்கார்ந்து அகவுகிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிற பறவை, கை வைக்க முடியாது. வைக்கவும் நான் ஆளில்லை, முருகன் வாகனம்.

நிம்மதியாக விளையாடுகிற பண்ணை கேம் என்பது பண்ணை இல்லாதவர்கள் விளையாடுவது. அவ்வளவுதான் என் கருத்து.


நடுச்சாம_நிரலாளர் | சனி, பகல் 1.20

ஒரண்டை அண்ணன் சொன்னதில் பாதி உண்மை, கொஞ்சம் சரித்திரமும்கூட. இந்த வகை கேம்களுக்கெல்லாம் தாத்தா ஹார்வெஸ்ட் மூன், 1996. அதைச் செய்த யசுஹிரோ வாடா ஜப்பானின் தெற்கே மியாசாகியில் கிராமத்துச் சூழலில் வளர்ந்தவர். வேலைக்காக டோக்கியோ போய் நெரிசலில் இருந்தபோதுதான் ஊரின் அருமை உறைத்தது, அதையே கேமாக்கினார். ஜப்பானில் அதன் பெயர் போகுஜோ மோனோகாதாரி. போகுஜோ என்றால் மேய்ச்சல் பண்ணை. ஆக, ஊரை விட்டு வந்தவன் செய்தது, ஊரை விட்டு வந்தவர்கள் விளையாடுவது. கண்மாய்க்கரை நண்பரும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்.

கேட்டதற்கு வருகிறேன். ஸ்லைம் ராஞ்சர், 2017. வேற்றுக் கிரகத்தில் கூழ் உருண்டை மாதிரி உயிர்களைப் பட்டியில் அடைத்து வளர்க்கலாம். தீனி போட்டால் அவை போடுவதை விற்கலாம். கிட்டத்தட்ட எரு வியாபாரம்தான். சிரிப்பாக இருக்கும், ஆனால் அங்கே எதுவும் தானாக நம் பட்டிக்கு வராது. காட்டுக்குப் போய் உறிஞ்சு குழாயால் பிடித்துக்கொண்டு வர வேண்டும்.

டெரா நில், 2023, தென்னாப்பிரிக்காக்காரர்கள் செய்தது. இது நேர் எதிர். செத்துப்போன நிலத்தில் மண்ணைத் திருத்தி, நீரை ஓடவிட்டு, புல்லும் காடும் கொண்டுவந்தால் கடைசியில் விலங்குகள் வரும். அதற்கு அப்புறம் நாம் வைத்த எந்திரம் அத்தனையையும் பிரித்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அதுதான் வெற்றி. எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அங்கே மாடும் இல்லை, மனிதனும் இல்லை. மனிதன் இருந்தாலே கெட்டது என்கிற மாதிரி ஒரு முடிவு. கண்மாய்க்கரை கேட்கிறது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மாடு மேய்கிற இடம்தான் கொக்கு வருகிற இடமும். அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.


கிடைக்காரர்_மகன் | சனி, இரவு 9.05

இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருப்பவன். மாடு என்றதும் எழுதத் தோன்றியது. ஊர் மானாமதுரைப் பக்கம். அப்பா புளிக்குளம் மாட்டுக்கிடை வைத்திருந்தார். எண்பது உருப்படி.

நீங்கள் சொல்கிற எல்லா கேமிலும் மாடு என்றால் பால் பொத்தான். தடவினால் பால். ஸ்டார்டியூவை என் மச்சினன் காட்டினான், மாடு கன்று போடாமலே தினமும் கறக்கிறது. அப்பாவிடம் சொன்னேன், “அது மாடு இல்லப்பா, குழாய்” என்றார். புளிக்குளம் மாட்டில் கறவை கிடையாது, கன்றுக்குப் போக ஒரு செம்பு தேறினால் பெரிது. வருமானம் இரண்டு வழியில். ஒன்று எரு. அறுவடை முடிந்த வயலில் ராத்திரி கிடை போடுவோம். விடிய விடியச் சாணியும் மூத்திரமும் அந்த மண்ணுக்கு. ராத்திரிக்கு இவ்வளவு என்று வயல்காரர் பணமோ நெல்லோ அளப்பார். மறுநாள் பக்கத்து வயல். மற்ற நாளில் சேர்கிற எருவைக் கேரளத் தோட்டங்களுக்கு லாரியில் ஏற்றுவார்கள். இன்னொன்று காளைக்கன்று. ஜல்லிக்கட்டுக்கு வளர்ப்பவர்கள் வந்து பார்த்து வாங்கிப் போவார்கள். 2014ல் தடை வந்து 2017 ஜனவரியில் சட்டம் திருத்துகிற வரைக்கும் அந்தப் பக்கம் அடைத்துப்போனது. அந்த மூன்று வருடத்தில்தான் எங்கள் கிடை எண்பதிலிருந்து முப்பதுக்கு வந்தது.

காட்டு உயிர் என்று கேட்டீர்கள். கிடை போட்ட வயலை விடிந்ததும் வந்து பாருங்கள். முதலில் மைனா. சாணத்தைக் கிளறிப் புழுப் பொறுக்கும். பக்கத்திலேயே கொண்டலாத்தி நீள மூக்கால் குத்திக்கொண்டு நடக்கும். சாணவண்டு உருட்டுவதைச் சின்ன வயதில் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். மாடு நடக்கத் தொடங்கினால் உண்ணிக்கொக்கு. உண்ணி பொறுக்கும் என்று பெயர் வைத்துவிட்டார்கள், அது முக்கியமாகத் தின்பது வெட்டுக்கிளி. மாடு கால் எடுத்து வைக்கும்போது புல்லிலிருந்து வெட்டுக்கிளி எழும்பும், இது லபக்கென்று பிடிக்கும். அதனால்தான் படுத்திருக்கிற மாட்டைச் சீந்தாது, நடக்கிற மாட்டின் காலடியிலேயே போகும்.

பொன்வண்டு அக்கா நிறம் வருகிற பொம்மை பற்றி எழுதியிருந்தார்கள். உண்ணிக்கொக்குக்கும் நிறம் வரும் அக்கா. ஜோடி சேர்கிற பருவத்தில் தலையும் கழுத்தும் மஞ்சள் தூக்கலான ஆரஞ்சாகிவிடும். அந்த நிறத்தைப் பார்த்ததும் “மாப்பிள்ளை வந்துட்டாரு” என்பார் அப்பா.


புதூர்_பொன்வண்டு | சனி, இரவு 9.40

இந்த ஒரு பதிவுக்காகவே இந்த இழை தொடங்கியிருக்க வேண்டும். தம்பி, வாசித்துக்கொண்டு மட்டும் இருக்காதீர்கள்.


செல்லூர்_சேவல் | சனி, இரவு 9.44

நீங்கள் விற்ற கன்று எதுவும் வாடிவாசலில் வந்ததா?


கிடைக்காரர்_மகன் | சனி, இரவு 10.02

ஒன்று வந்தது. பாலமேட்டில். டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அறிவிப்பில் வேறு யாரோ ஊர்க்காரர் பெயரைச் சொல்லி அவிழ்த்தார்கள். அப்பா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய், “இது நம்ம மயிலையோட கன்னு. இடது கொம்பப் பாரு, லேசா உள்ளுக்குத் திரும்பியிருக்கும்” என்றார். எனக்கு எதுவும் தெரியவில்லை, மூன்று நொடிதான் காட்டினார்கள். பிடிபடாமல் போய்விட்டது. அப்பா அன்றைக்குச் சாயங்காலம் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். வாங்கிப்போன ஆளுக்கு இது எதுவும் தெரியாது.

ஜல்லிக்கட்டை கேமில் வைக்க வேண்டுமானால் இப்படி வையுங்கள். நாம் மாடு பிடிக்க வேண்டாம். நாம் விற்ற கன்று என்றைக்கோ ஒரு நாள் டிவியில் மூன்று நொடி வர வேண்டும். கண்ணிமைத்தால் தவறிவிட வேண்டும்.


நடுச்சாம_நிரலாளர் | ஞாயிறு, அதிகாலை 2.15

தூக்கம் வரவில்லை. கேம் செய்கிற மென்பொருளான கோடோவில் ஒரு கோப்பைத் திறந்துவிட்டேன். எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை, நான் தொடங்கி முடித்த கேம் இதுவரை பூஜ்யம்.

இப்போதைக்குக் கட்டம் போட்ட ஒரு தரை. சில கட்டம் வயல், சில கட்டம் புல், ஒரு மூலையில் கண்மாய். மாடு புல்லில் நடந்தால் அந்தக் கட்டத்தில் வெட்டுக்கிளி எழும்பும். நடமாடுகிற நாலுகால் பிராணி இருக்கிற இடத்தைக் கொக்கு தேடி வரும். மாடு ராத்திரி நின்ற கட்டத்தில் எரு ஏறும், எருவில் வண்டு, வண்டுக்கு மைனா. கொக்கை நாம் எங்கேயும் வாங்க முடியாது, வைக்க முடியாது, தொட முடியாது. பட்டியலில் அதற்குப் பெயரே இருக்காது. இதுவரை சரியா?


புதூர்_பொன்வண்டு | ஞாயிறு, காலை 8.30

சரி. ஆனால் வருவதற்கெல்லாம் ஒரு விலை வையுங்கள். என் மாடித் தோட்டத்துக் கதையைச் சொல்கிறேன். பட்டாம்பூச்சி வர வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பூச்செடியாக வாங்கி அடுக்கினேன். வந்தது, தேன் குடித்தது, போய்விட்டது. தங்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது. பூ அதற்கு டீக்கடை. முட்டை போட வேறு செடி வேண்டும், அதுவும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு செடி. வெந்தய வரியனுக்கு எருக்கு. கொன்னை வெள்ளையனுக்குக் கொன்றையும் ஆவாரையும். சிவப்புடல் அழகிக்கு ஆடுதீண்டாப்பாளை. எலுமிச்சை அழகிக்குக் கறிவேப்பிலையும் எலுமிச்சையும்.

கறிவேப்பிலை வைத்தேன். புழு வந்தது. முதலில் காக்கை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், கடைசித் தோலை உரித்ததும் பச்சை. ஒரு வாரத்தில் செடி மொட்டை. மாமியார் தாளிக்க இலை கேட்டால் “புழு சாப்பிடட்டும் அத்தை” என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மொட்டையான செடிதான் அங்கே நுழைவுச் சீட்டு. எந்த கேமும் இதைத் தைரியமாகக் காட்டியதில்லை. அழகான செடி வைத்தால் அழகான பூச்சி வரும் என்றே காட்டுகிறார்கள்.

மொட்டையான செடி மறுபடி துளிர்க்கும், அதையும் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் என் மாமியார் விளையாட மாட்டார்.


ஒத்தக்கடை_ஒரண்டை | ஞாயிறு, காலை 11.00

கொக்கு, பட்டாம்பூச்சி, கொண்டலாத்தி. எல்லாம் யாருக்கும் கெடுதல் செய்யாத ஜீவனாகவே பொறுக்குகிறீர்கள். மயிலைச் சேருங்கள். சேர்த்தால் கடலையை நிஜமாகத் தின்ன வேண்டும், பணம் நிஜமாகக் குறைய வேண்டும். காட்டுப்பன்றியையும் சேருங்கள். ஒரே ராத்திரியில் மக்காச்சோளம் மொத்தமும் போனால் உங்கள் நிம்மதி எங்கே போகிறது என்று பார்ப்போம்.


நடுச்சாம_நிரலாளர் | ஞாயிறு, பகல் 12.10

பன்றி வந்தால் ஆட்டத்தை மூடிவிட்டுப் போய்விடுவார்கள் அண்ணே. களைத்து வருகிறவர்கள் விளையாடுவது இது. கொஞ்சம் இழப்பு, சரி. மொத்தமும் போவது வேண்டாம்.


ஒத்தக்கடை_ஒரண்டை | ஞாயிறு, பகல் 12.25

நாங்களும் களைத்துத்தான் வருகிறோம் தம்பி. எங்களுக்கு மூடுகிற பொத்தான் இல்லை.


கண்மாய்க்கரை | ஞாயிறு, பகல் 2.50

ஒரண்டை அண்ணே, உங்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மயிலை எதிரியாக வைத்தால் அது இன்னொரு காக்கை, நான் இன்னொரு பொம்மையை நடுவேன். வேறு மாதிரி யோசித்துப் பாருங்கள். எங்கள் அப்பத்தா கடலை போடும்போது பாதையோரம் ஒரு வரிசை கம்பு தூவிவிடும். “அது வாரதுக்கு” என்று சொல்லும். அதனால் கடலை முழுசாகத் தப்பியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரிசை நட்டக் கணக்கில் வராது, செலவுக் கணக்கில் வரும். நான் கணக்கு எழுதுகிறவன், இரண்டும் வேறு வேறு என்று எனக்குத் தெரியும். கேமில் முதலிலேயே ஒரு பங்கை ஒதுக்கி வைக்கிற வசதி இருந்தால் போதும். எவ்வளவு என்பது ஆடுபவர் இஷ்டம்.


ஒத்தக்கடை_ஒரண்டை | ஞாயிறு, மாலை 4.15

அப்பத்தா பெரிய மனுசி. அது சரி. ஆனால் மயில் வரிசை பார்த்துத் தின்னாது, சொல்லிவிட்டேன்.


கண்மாய்க்கரை | ஞாயிறு, இரவு 8.20

அரிட்டாபட்டி எங்களுக்குப் பக்கம்தான். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், 193 ஹெக்டேர், மீனாட்சிபுரமும் சேர்த்து. ஏழு மலை, நிறையக் குளம், சுனை. இருநூற்றைம்பது வகைப் பறவை என்கிறார்கள், லகர் வல்லூறு உட்பட. அங்கே யாரும் எதையும் வரவழைக்கவில்லை. மலையை உடைக்காமல் விட்டார்கள், சுனையை மூடாமல் விட்டார்கள். வருவது வந்துகொண்டிருக்கிறது. அப்புறம் டங்ஸ்டன் சுரங்கம் என்று 2024ல் ஆரம்பித்து…


மட்டுறுத்துநர் | ஞாயிறு, இரவு 8.45

சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தாகிவிட்டது, அந்த விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். இங்கே கேம் மட்டும். (மயில் பற்றியும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.)


நடுச்சாம_நிரலாளர் | ஞாயிறு, இரவு 11.50

கண்மாய்க்கரை சொன்னதில்தான் எனக்குச் சிக்கலே. “விட்டார்கள்.” அதை எப்படி கேமாக்குவது? கேம் என்றால் பொத்தான். பொத்தானை அழுத்தினால் ஏதாவது நடக்கும். அழுத்தாமல் இருந்ததற்குப் பரிசு கொடுக்க வேண்டுமானால், அழுத்தவில்லை என்பதை ஆடுபவர் உணர வேண்டும். வெறுமனே ஒரு மூலையை மறந்துவிட்டவருக்கும் வேண்டுமென்றே விட்டவருக்கும் திரையில் ஒரே படம்தானே?


புதூர்_பொன்வண்டு | திங்கள், காலை 7.10

கொள்ளுகுடிப்பட்டிக்குப் போயிருக்கிறீர்களா? திருப்பத்தூர்ப் பக்கம், வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். மதுரையிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். 1977ல் சரணாலயம் ஆனது, அதற்கு முன்னிருந்தே பறவை வருகிறது. அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. மழைக்காலத்தில் பறவை வந்து கூடு கட்டுகிற நேரமும் தீபாவளியும் ஒட்டியே வருகிறது, சத்தத்தில் மிரண்டு போய்விடும் என்று. நான் போனபோது கண்மாய்க்குள் இருக்கிற கருவேல மரத்தில் நத்தைகுத்தி நாரை அடை அடையாக உட்கார்ந்திருந்தது. மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவில் சந்து இருக்கும், நத்தையைப் பிடிக்க வசதியாக.

உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தீபாவளி தெரியும். வெடி என்றால் என்னவென்று தெரியும். போடவில்லை. பொத்தான் திரையில் இருக்க வேண்டும் தம்பி, மின்னிக்கொண்டு இருக்க வேண்டும்.


கிடைக்காரர்_மகன் | திங்கள், இரவு 9.30

அக்கா சொன்னதை என் வழியில் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கண்மாய் மரத்தை ஏலம் விடுவார்கள், மீன் பிடிக்கிற பாசி உரிமையையும் ஏலம் விடுவார்கள். கேமில் வருடம் ஒரு தடவை மர ஏலம் வரட்டும். நாட்டுக் கருவேல மரம் இத்தனை, விலை இவ்வளவு. வேண்டாம் என்றால் மரம் நிற்கும். அடுத்த வருடம் மரம் பருத்திருக்கும், விலையும் ஏறியிருக்கும். மூன்றாவது வருடம் இன்னும். அதே வருடம்தான் வடகிழக்குப் பருவமழை ஏமாற்ற வேண்டும், மாட்டுக்கு வைக்கோல் வாங்கக் காசில்லாமல் இருக்க வேண்டும். அப்போது ஏலக்காரர் வந்து கரையில் உட்கார வேண்டும்.

வெட்டினால் யாரும் திட்டக் கூடாது. காசு வரும், மாடு பிழைக்கும். எங்கள் அப்பா ஒரு தடவை வெட்டக் கொடுத்தார், கெட்டவரில்லை. அடுத்த மழைக்கு நாரை வந்து கண்மாய்க்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகும். அதை மட்டும் காட்டுங்கள். எழுத்தில் எதுவும் போடாதீர்கள்.

சீமைக் கருவேலத்தை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் வெட்ட விடுங்கள். அது வெட்ட வெட்ட வரும், அதையும் அப்படியே வையுங்கள்.


ஒத்தக்கடை_ஒரண்டை | திங்கள், இரவு 9.52

இதை விளையாடுவேன்.


செல்லூர்_சேவல் | திங்கள், இரவு 9.53

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.


கண்மாய்க்கரை | திங்கள், இரவு 10.30

தண்ணீர்க் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலூர்ப் பக்கம் எங்களுக்குத் தண்ணீர் பெரியாறு அணையிலிருந்து வைகை அணைக்கு வந்து, பேரணை வழியாகக் கால்வாயில் வர வேண்டும். கடைமடை. திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் வரும், எங்கள் மடையில் ஈரம் பார்க்க நாள் ஆகும். அந்தக் காத்திருப்பு இருக்கட்டும். அப்புறம் கோடையில் தண்ணீர் வற்றும்போது மீன்பிடித் திருவிழா. ஊத்தாக் கூடையும் வலையுமாக ஊரே இறங்கும். சேற்றில் மீன் துள்ளுகிற அன்றைக்குக் கொக்கும் நீர்க்காகமும் நம்மோடு சேர்ந்தே இறங்கும். அன்றைக்கு யாரும் யாரையும் விரட்ட மாட்டார்கள்.

எக்ஸ்பாக்ஸ் கிடைத்தது. சேவல் சொன்னது சரி, மாப்பிள்ளை ஏற்கெனவே பதினொன்று வைத்திருக்கிறார். அதில் ஒன்றுக்கு என் தங்கச்சி பெயர்.


நடுச்சாம_நிரலாளர் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, அதிகாலை 1.40

உயிரோடுதான் இருக்கிறேன். ஓடுகிற மாதிரி ஒன்று வந்திருக்கிறது, இணைப்பைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். இருப்பது ஆறு மாடு, ஒரு கண்மாய், ஏலக்காரர், அப்பத்தா வரிசை. மயில் இருக்கிறது, வரிசை பார்த்துத் தின்பதில்லை. கறிவேப்பிலைச் செடி மொட்டையாகிறது, நாலு நாளில் துளிர்க்கிறது. நாரை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவது சரியாக வந்துவிட்டது. அதைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகி அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டேன்.

டிவியில் மூன்று நொடி கன்று இன்னும் வைக்கவில்லை. கொம்பு வரைவது கஷ்டமாக இருக்கிறது.

ஒரு பிழை மட்டும் பிடிபடவில்லை. நாலுகால் பிராணி நகர்ந்தால் கொக்கு பின்னால் போக வேண்டும் என்று எழுதியிருந்தேன் அல்லவா? கிடைக்காரர் படுக்கிற கயிற்றுக் கட்டிலுக்கும் எங்கேயோ நாலுகால் என்று குறித்துவிட்டேன் போல. அவர் காலையில் கட்டிலைத் தூக்கி நிழலுக்கு நகர்த்தினால், மாட்டை எல்லாம் விட்டுவிட்டு ஆறு கொக்கும் கட்டிலுக்குப் பின்னால் வரிசையாக நடக்கிறது. நாளைக்குச் சரி செய்துவிடுகிறேன்.


கிடைக்காரர்_மகன் | ஞாயிறு, காலை 6.20

சரி செய்யாதீர்கள். வயலில் ராத்திரி முழுக்கக் கிடந்த கட்டிலைத் தூக்கினால் அடியில் பூச்சி ஓடும். அப்பா கட்டிலுக்கும் இரண்டு வரும்.